மைனஸ் பதினெட்டு

ஹாம்பர்க்கிலிருந்து ஜெனோவாவின் குரல், போனில்:
"கனமா ஒண்ணு வேணாங்க்கா.
மெல்லிசா ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு,
அதுக்கு மேல ஒண்ணு. வெங்காயம் மாதிரி."

தங்கச்சிமடத்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
பெட்டி கட்டிலில் வாயைப் பிளந்து கிடக்கிறது.
மதுரையில் வாங்கிய கம்பளிப் பனியனைத்
தலைவழியாக இழுத்தேன்.
பாதியில் சிக்கியது.
கைகள் மேலே, முகம் உள்ளே,
வேர்வையோடு நின்றேன்.
யாராவது பார்த்திருந்தால்
சரணடைகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு வெங்காயம் ஞாபகம் வரவில்லை.
பதினோரு வருஷமாக
மண்டபம் கம்பெனியில் இறால் உரிக்கிறேன்.
தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி,
முதுகு நரம்பை ஊசியால் இழுத்து
அம்மணமாக்கித்தான் அனுப்புகிறோம் குளிருக்கு.
அட்டைப்பெட்டிகளில் அந்த ஊர்ப் பெயரை
நானே ஒட்டியிருக்கிறேன்.
எனக்கு முன்னால் அங்கே போனது எதுவும்
ஒரு துணி கேட்டதில்லை.
நான்தான் இப்போது
ஓட்டின் மேல் ஓடு மாட்டுகிறேன்.

குளிர் தெரியாதவள் இல்லை.
மைனஸ் பதினெட்டு எனக்குப் பக்கத்து அறை.
முனியசாமி அண்ணனைக் கெஞ்சி
கிடங்கு ஜாக்கெட்டை இரவல் வாங்கினேன்.
நீலம். பஞ்சு திணித்தது.
முதுகில் கம்பெனிப் பெயர்.
இடது கை மடிப்பில்
என்றைக்கோ காய்ந்த செதில் ஒன்று.

கேட்டில் நோட்டை நீட்டினார் வாட்ச்மேன்.
பொருள்: ஜாக்கெட் ஒன்று.
கொண்டுபோகும் இடம்: ஹாம்பர்க்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:
"ராம்நாட்ல மாறணுமா?"

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஒத்திகை.
பனியன், அதன் மேல் சுடிதார், அதன் மேல் ஸ்வெட்டர்,
மகனின் பள்ளிக்கூடச் சாக்ஸ் இரண்டு ஜோடி
(குதிகாலைத் தாண்டவில்லை),
குரங்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் மேல் ஜாக்கெட்.
இறால் பெட்டிகளுக்கு நடுவே பத்து நிமிஷம் நின்றேன்.
மூக்கு நுனி மட்டும் தனியாக எங்கோ போய்வந்தது.
மற்றபடி தாங்கலாம்.

சொன்னேன். சிரித்தாள் ஜெனோவா.
"உள்ள காத்து அடிச்சிச்சாக்கா?"

இல்லை.
கிடங்கில் குளிர் அசையாமல் நிற்கும்,
வாசலில் வந்து நிற்கும் கடன்காரனைப் போல.
காற்று வெளியே இருக்கிறது.
பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைக்கும்,
கச்சான் மாதத்தில் கொடித்துணியைப் பிடுங்கி
அடுத்த தெருவில் போடும்.
அதையும் தெரியும். இதையும் தெரியும்.
இரண்டும் ஒரே தெருவில் சேர்ந்து வரும் என்பதை
இந்த நாற்பத்தொரு வயசுக்கு
நான் யோசித்ததே இல்லை.

பெட்டியின் ஓரப்பையில்
கட்டைவிரல் அளவுக்குச் சாக்ஸ் ஒரு ஜோடி.
மாசி முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.
அம்மா இல்லை, அதனால் நான் போகிறேன்.
எனக்குப் பின்னால் அந்த ஊருக்கு
இன்னொருத்தர் வரவேண்டியிருக்கிறது,
உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல்.

இருபத்து மூன்று கிலோதான் அனுமதி.
கலிஸ்டஸின் நண்டுத் தராசுக் கொக்கியில்
பெட்டியை மாட்டினோம்.
சுற்றியது, நின்றது: இருபத்து நாலு நானூறு.
"ஐஸ் தண்ணிக்கு இருநூறு கழிச்சுக்கிறேன்" என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
ஸ்வெட்டரை எடுத்தேன்.
பேறுகால லேகியத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே வைத்தேன்.
இன்னும் கூடுதல்.
"ஜாக்கெட்ட எதுக்கு உள்ள வைக்கிற?
போட்டுக்கிட்டுப் போ தாயி.
ஆள யாரும் நிறுக்க மாட்டான்."

அதனால்தான்
உச்சி வெயிலில், மதுரை பஸ்ஸில்,
ஜன்னலோரம் நீலப் பஞ்சுக்குள்
கழுத்து வரை ஜிப்பை இழுத்து உட்கார்ந்திருந்தேன்.
லேசாக மீன் வாடை.
பக்கத்து சீட்டுக்காரி
பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.
டிக்கெட் கிழித்தபடி கண்டக்டர் குனிந்து கேட்டார்:
"காய்ச்சலாம்மா?"

ஆமாம் என்றேன்.
அதுதான் சுருக்கம்.